தெப்பக்குளத்தை மூன்று சுற்று: கவலையோடு நடக்கத் தொடங்குகிறவர்களுக்கு

அம்மாவுக்குக் கண் ஆபரேஷன், மகளுக்குக் கல்லூரிச் சேர்க்கை, வீட்டுக் கடனில் இரண்டு தவணை பாக்கி. மூன்றும் ஒரே வைகாசி மாதத்தில் வந்து நின்றன. பகல் எப்படியோ வேலையில் ஓடிவிடும். ராத்திரி விளக்கை அணைத்த பிறகுதான் கணக்கு தொடங்கும். அதே தொகை, அதே தேதி, அதே "என்ன செய்யப் போகிறோம்". விடியும்போது கணக்கு தொடங்கிய இடத்திலேயே நிற்கும்; தூக்கம் மட்டும் போயிருக்கும்.

ஒரு நாள் பால் வாங்க வெளியே வந்தபோது பக்கத்து வீட்டு அக்கா என் முகத்தைப் பார்த்தார். எதுவும் கேட்கவில்லை. "செருப்ப மாட்டிட்டு வாம்மா, தெப்பக்குளத்தை ஒரு சுத்து சுத்திட்டு வருவோம்" என்றார். போனோம். அப்போது குளத்தில் தண்ணீர் இல்லை. பையன்கள் உள்ளே இறங்கிக் கிரிக்கெட் ஆடிக்கொண்டிருந்தார்கள். ஒரு சுற்று முடிய இருபது நிமிஷம் ஆனது. என் கடனில் ஒரு ரூபாய்கூடக் குறையவில்லை. ஆனால் வீட்டு வாசலுக்குத் திரும்பும்போது, "நேரில் போய் மேனேஜரைப் பார்த்து, தவணையைத் தள்ளிவைக்க முடியுமா என்று கேட்கலாமே" என்று தோன்றியது. பத்து ராத்திரி படுக்கையில் புரண்டும் வராத யோசனை அது.

அன்றிலிருந்து நடக்கிறேன். புதிதாக வருகிறவர்களைக் கூட்டிக்கொண்டும் நடந்திருக்கிறேன். மனசு பாரமாக இருக்கும்போது எங்கே தொடங்குவது என்று தெரியாமல் நிற்கிறவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். உட்கார்ந்த இடத்திலேயே வைத்து அன்றாடக் கவலையைத் தீர்க்கப் பார்க்காதீர்கள். அதை வெளியே கூட்டிக்கொண்டு போங்கள், முடிந்தால் ஓர் ஆளையும் சேர்த்துக்கொண்டு. கவலை அப்படியே மறைந்துவிடாது. கைக்கு அடங்கும் அளவுக்கு வரும்.

உட்கார்ந்தால் ஏன் பெருகுகிறது

கவலைப்படும்போது உடம்பு ஓடுவதற்குத் தயாராகிறது. நெஞ்சு வேகமாக அடிக்கும், தோள் இறுகும், வயிற்றைப் பிசையும். துரத்தும் மாட்டிடமிருந்து தப்பிக்க இதெல்லாம் வேண்டும். வங்கியிலிருந்து வந்த கடிதத்தைப் பார்த்து எங்கே ஓடுவது? ஓடத் தயாரான உடம்பு கட்டிலில் கிடக்கிறது. அந்தப் படபடப்பைப் பார்த்து, ஏதோ பெரிதாக நடக்கப் போகிறது என்று மனசு இன்னும் பயப்படுகிறது. நடக்கத் தொடங்கினால் காலுக்கும் தோளுக்கும் வேலை கிடைக்கிறது, மூச்சு ஒரு சீருக்கு வருகிறது. பத்து நிமிஷத்தில் உங்களுக்கே தெரியும்.

இன்னொன்று, நாம் கவலை என்று சொல்வதில் பாதி அசைபோடுவதுதான். மாடு தின்றதையே திரும்பத் திரும்ப மெல்வதுபோல, முடிந்துபோன பேச்சையும் வராத ஆபத்தையும் மென்றுகொண்டிருப்போம். அமெரிக்காவில் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்துக்காரர்கள் 38 பேரை வைத்து இதைச் சோதித்து 2015-இல் வெளியிட்டார்கள். பாதிப் பேரை மரமும் புல்லும் இருக்கும் இடத்தில் ஒன்றரை மணி நேரம் நடக்கவிட்டார்கள். மீதிப் பேரை வண்டிகள் ஓயாமல் ஓடும் பெரிய சாலையோரம் அதே அளவு நடக்கவிட்டார்கள். மரங்களுக்கிடையே நடந்தவர்களிடம் அசைபோடுவது குறைந்திருந்தது. மூளையில் அதோடு தொடர்புடைய ஒரு பகுதியும் அமைதியாகியிருந்தது. சாலையோரம் நடந்தவர்களிடம் அந்த மாற்றம் இல்லை. சின்ன ஆய்வுதான். ஆனால் எங்கே நடக்கிறோம் என்பதும் முக்கியம் என்று அதைப் படித்த பிறகுதான் எனக்குப் புரிந்தது.

கிளம்புவதற்கு முன்: ஒரு சீட்டு

பழைய கேலண்டர் தாளோ மளிகை பில்லின் பின்பக்கமோ போதும். இப்போது மனசில் ஓடுவதை நாலைந்து வரியில் எழுதுங்கள். அழகாக எழுத வேண்டாம். "அம்மா கண்", "கடன் 2 மாதம்", "ஆபீஸில் அவர் சொன்னது" என்றால் போதும். ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஒரு குறி: இதில் இந்த வாரம் நான் செய்யக்கூடியது ஏதாவது இருந்தால் டிக், இல்லையென்றால் ஒரு கோடு. சீட்டை மடித்துப் பையில் போட்டுக்கொள்ளுங்கள்.

எழுதி வைத்துவிட்டால், மறந்துவிடுவோமோ என்ற பயத்தில் மனசு அதையே சொல்லிக்கொண்டிருக்க வேண்டியதில்லை. கவலைப்படுவதற்கென்று தினமும் ஒரே நேரத்தில் அரை மணி ஒதுக்கி, மற்ற நேரத்தில் தலைகாட்டும் கவலையை "சாயங்காலம் பார்த்துக்கொள்வோம்" என்று தள்ளிவைக்கும் முறையை உளவியல்காரர்கள் 1980களிலிருந்து சொல்லிவருகிறார்கள். நான் அந்த நேரத்தை நடையோடு சேர்த்துக்கொண்டேன். ராத்திரி கவலை வந்தால், "உனக்குக் காலையில் தெப்பக்குளத்தில் இடம் இருக்கிறது" என்று அதனிடம் சொல்வேன். உண்மையாகவே சொல்வேன். முதல் வாரம் கேட்காது. அப்புறம் கேட்கும்.

இடம்

வீட்டிலிருந்து பத்து நிமிஷத்துக்குள் போய்ச்சேரக்கூடிய இடமாகப் பாருங்கள். வண்டி எடுத்து, பெட்ரோல் போட்டு, பார்க்கிங் தேடிப் போக வேண்டிய அழகான பூங்காவைவிட, தெருமுனையில் இருக்கிற சுமாரான ஊருணிக்கரை மேல்.

மதுரையில் எங்கள் பக்கத்துக்காரர்களுக்கு வண்டியூர் மாரியம்மன் தெப்பக்குளம்தான். திருமலை நாயக்கர் 1645-இல் வெட்டியது. ஒரு பக்கம் சுமார் 305 மீட்டர், இன்னொரு பக்கம் 290. கரையோடு ஒரு சுற்று வந்தால் 1.2 கிலோமீட்டர் தாராளமாக வரும். நிதானமாக நடந்தால் பதினைந்து, இருபது நிமிஷம். நடுவில் மைய மண்டபம். பனையூர்க் கால்வாய் வழியாக வைகைத் தண்ணீரைக் கொண்டுவந்து நிரப்பத் தொடங்கிய பிறகு கரையின் காற்றே மாறிவிட்டது. சுற்று நடைக்கு ஒரு வசதி உண்டு: எங்கே திரும்புவது என்று யோசிக்க வேண்டாம், தொடங்கிய இடத்துக்குத் தானாக வந்துவிடுவோம். களைத்தால் படியில் உட்காரலாம்.

வடக்குப் பக்கம் இருப்பவர்கள் ரேஸ்கோர்ஸ் மைதானத்துக்கோ எக்கோ பார்க்குக்கோ போவார்கள். கோவையில் ரேஸ்கோர்ஸ் நடைபாதை, சென்னையில் கடற்கரையோ மயிலாப்பூர் நாகேஸ்வரராவ் பூங்காவோ இருக்கிறது. தமிழ்நாடு அரசு 2023-இல் 'நடப்போம் நலம் பெறுவோம்' என்று மாவட்டந்தோறும் 8 கிலோமீட்டர் நடைபாதைகளை அறிவித்தது. உங்கள் ஊரில் அது எந்தச் சாலை என்று விசாரித்துப் பாருங்கள். தொடங்குகிறவர் எட்டு கிலோமீட்டரும் நடக்க வேண்டியதில்லை. அதில் மரநிழல் உள்ள ஒரு கிலோமீட்டர் கிடைத்தால் போதும். எதுவுமே இல்லாத ஊரென்று எதுவும் இல்லை: கோயில் வெளிப்பிரகாரம், பள்ளி மைதானம், ரயில்வே ஸ்டேஷன் ரோடு, கடைசியாக மொட்டை மாடி.

நேரம் உங்கள் வசதி. ராத்திரி தூக்கம் வராதவர்களுக்குக் காலை நடையைத்தான் சொல்வேன்; காலை வெளிச்சம் கண்ணில் பட்டால்தான் எப்போது விழிப்பது, எப்போது உறங்குவது என்ற கணக்கு உடம்புக்குச் சரியாகும். அக்னி நட்சத்திரத்தில் ஏழு மணிக்கு மேல் வேண்டாம்.

முதல் இரண்டு வாரம்

இங்கேதான் நிறையப் பேர் விட்டுவிடுகிறார்கள். காரணம் சோம்பல் இல்லை, ஆசை. நானும் அப்படித்தான். முதல் நாள் கிடைத்த நிம்மதியில் மூன்றாம் நாளே ரப்பர் செருப்போடு நாலு சுற்று வந்தேன். குதிகாலில் வலி பிடித்து ஆறு நாள் வீட்டிலேயே இருந்தேன். அந்த ஆறு நாளும் கவலை பழையபடி கட்டிலுக்கு வந்துவிட்டது.

அதனால் முதல் வாரம் பத்தே நிமிஷம். ஐந்து நிமிஷம் போக, ஐந்து நிமிஷம் வர. இன்னும் நடக்கலாம்போல இருக்கும்போதே திரும்பிவிடுங்கள். இரண்டாம் வாரம் பதினைந்து. அப்புறம் வாரத்துக்கு ஐந்து நிமிஷம் கூட்டினால், இரண்டு மாதத்துக்குள் நாற்பத்தைந்து நிமிஷத்துக்கு வந்துவிடலாம். பெரியவர்களுக்கு வாரம் 150 முதல் 300 நிமிஷம் மிதமான உடற்பயிற்சி வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். வாரத்தில் ஐந்து நாள், நாளைக்கு அரை மணி என்றாலே 150 வந்துவிடும். மிதமான வேகம் எது என்று பார்க்கக் கருவி எதுவும் வேண்டாம்: பக்கத்தில் வருகிறவரோடு பேச முடியவேண்டும், பாட்டுப் பாட முடியக்கூடாது.

செல்போனில் பத்தாயிரம் காலடி வரவில்லை என்று வருத்தப்படுகிறவர்களைப் பார்க்கிறேன். கவலை குறைக்க வந்த இடத்தில் புதுக் கவலை எதற்கு? அந்தப் பத்தாயிரம், 1965-இல் ஜப்பானில் ஒரு காலடி எண்ணும் கருவியை விற்க வைத்த பெயரிலிருந்து வந்தது. 'மன்போ-கெய்', அதாவது பத்தாயிரம் காலடி மீட்டர். மருத்துவர்கள் கூடி முடிவுசெய்த எண் இல்லை. எண்ணுவது பிடித்தால் எண்ணுங்கள். இல்லையென்றால் சுற்றுக் கணக்கே போதும்.

சில முன்ஜாக்கிரதைகள். காலைச் சரியாகப் பிடிக்கும் ஷூவோ பின்வார் உள்ள செருப்போ வேண்டும். சர்க்கரை நோய் இருந்தால் வெறுங்காலோடு நடக்கவே கூடாது, புல்லில்கூட; வீட்டுக்கு வந்ததும் உள்ளங்காலையும் விரல் இடுக்கையும் பாருங்கள். இன்சுலினோ சர்க்கரைக்கு மாத்திரையோ எடுப்பவர்கள் கையில் ஒரு சர்க்கரைப் பொட்டலம் வைத்துக்கொள்ளுங்கள். நெஞ்சு வலியோ மூச்சிரைப்போ முன்பே உண்டென்றால் மருத்துவரிடம் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள். நடக்கும்போது நெஞ்சை அழுத்தினால், தாடைக்கோ இடது கைக்கோ வலி இறங்கினால், அதைக் "கவலைதான்" என்று நீங்களே முடிவுசெய்யாதீர்கள். உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். பெண்கள் விடியற்காலையில் தனியாக, இருட்டான தெரு வழியாகப் போக வேண்டாம். தாலிச் சங்கிலியைத் துப்பட்டாவுக்குள்ளோ சேலைத் தலைப்புக்குள்ளோ மறைத்துக்கொள்வது பழக்கமாகட்டும். தெருநாய் குரைத்தால் ஓடாமல், கண்ணை நேரே பார்க்காமல், நின்று மெதுவாக விலகுங்கள். கடித்துவிட்டால் சோப்புப் போட்டு ஓடுகிற தண்ணீரில் பதினைந்து நிமிஷம் கழுவிவிட்டு நேரே அரசு ஆஸ்பத்திரி.

மூன்று சுற்று, மூன்று வேலை

நடை பழகிய பிறகு நான் கடைப்பிடிப்பது இது. உங்களுக்குச் சுற்று இல்லையென்றால் பத்துப் பத்து நிமிஷமாகப் பிரித்துக்கொள்ளுங்கள்.

முதல் சுற்று கவலைக்கு. அதை விரட்டப் பார்க்காதீர்கள். சீட்டில் எழுதியதில் எது பெரிதாகத் தெரிகிறதோ அதை எடுத்து, தாராளமாக யோசித்துக்கொண்டே நடங்கள். முகம் சுருங்கினாலும் பரவாயில்லை, கண் கலங்கினாலும் பரவாயில்லை. தெப்பக்குளத்தில் யாரும் யாரையும் நின்று பார்ப்பதில்லை. சுற்று முடியும் இடத்தில் ஒரே ஒரு கேள்வி: இன்றைக்கு இதில் ஒரு வேலை செய்யலாமா? இருந்தால் அந்த வேலையை வாய்விட்டுச் சொல்லுங்கள்: "பதினொரு மணிக்கு ஆஸ்பத்திரிக்கு போன்." இல்லையென்றால் அதையும் சொல்லுங்கள்.

இரண்டாம் சுற்று கண்ணுக்கும் காதுக்கும். செல்போன் பையில், இயர்போன் வீட்டில். இதற்கு மலையும் அருவியும் தேவையில்லை. எங்கள் தெருமுனையில் ஒரு பூவரசு இருக்கிறது. நாற்பது வருஷம் அந்த மரத்தடியில் போய்வந்திருக்கிறேன், சின்ன வயதில் இலையைச் சுருட்டிப் பீப்பீ ஊதியிருக்கிறேன், அதன் பூவைப் பார்த்ததில்லை. நடக்கத் தொடங்கிய வருஷம்தான் பார்த்தேன். காலையில் இளமஞ்சளாக விரிகிறது, உள்ளே அடியில் அரக்குச் சிவப்பு. மடல்கள் ஒன்றின் மேல் ஒன்றாகச் சுற்றிச் சின்னப் பாலாடைபோல இருக்கும். சாயங்காலம் அதே பூ செம்மை கலந்து வாடத் தொடங்கியிருக்கும். மறுநாள் ஊதாச் சிவப்பாகச் சுருண்டு தொங்கும். பக்கத்துக் கிளையில் புதிதாக ஒரு மஞ்சள். அந்தப் பூவைப் பார்த்துக்கொண்டு நின்ற இரண்டு நிமிஷமும் நான் எந்தக் கணக்கும் போடவில்லை என்பது, அந்த இடத்தைத் தாண்டிய பிறகுதான் தெரிந்தது.

அதனால் புதியவர்களிடம் இதைத்தான் சொல்வேன்: ஒரு மரத்தைத் தேர்ந்துகொள்ளுங்கள். ஒரே மரம். தினமும் அதனருகில் நின்று, நேற்று இல்லாத ஒன்றைக் கண்டுபிடியுங்கள். புங்கை என்றால் கோடை தொடங்கும்போது ஊர் முழுக்கக் காய்ந்துகொண்டிருக்க அது மட்டும் பளபளவென்று தளிர் விடும். மரமல்லி என்றால் விடியற்காலையில் தரையெல்லாம் நீளக் காம்போடு வெள்ளைப் பூவாகக் கிடக்கும். வேம்பு பூத்தால் மூக்கே சொல்லிவிடும். பறவையும் அப்படித்தான். தவிட்டுக்குருவிகள் ஏழெட்டாகச் சேர்ந்துதான் வரும், ஒன்று கத்தினால் எல்லாம் கத்தும். குளத்தில் தண்ணீர் இருக்கும் நாட்களில் நீர்க்காகம் ஓரிடத்தில் முங்கி, நாம் நினைக்காத இடத்தில் தலையைத் தூக்கும். எங்கே எழும் என்று ஊகித்துப் பாருங்கள். பெயர் தெரியவேண்டும் என்பதில்லை.

இங்கிலாந்தில் ஏறக்குறைய 20,000 பேரிடம் விசாரித்து 2019-இல் ஓர் ஆய்வு வந்தது. வாரத்தில் மொத்தம் 120 நிமிஷமாவது பூங்கா, காடு, கடற்கரை என்று வெளியே கழித்தவர்களில், உடம்பும் மனசும் நன்றாக இருப்பதாகச் சொன்னவர்கள் கூடுதல். அந்த நேரத்தை ஒரே மூச்சில் கழித்தாலும் துண்டு துண்டாகக் கழித்தாலும் வித்தியாசமில்லை. வெளியே போனதால் நன்றாக இருந்தார்களா, நன்றாக இருந்ததால் போனார்களா என்பதை அந்த ஆய்வு அறுதியிட்டுச் சொல்லவில்லை. ஆனாலும் ஒரு நாளைக்குப் பதினேழு, பதினெட்டு நிமிஷம்தான் வருகிறது. அதற்கு எந்தச் செலவும் இல்லை. படுக்கையில் இருக்கும் பெரியவர்களை விட்டுவிட்டு நகர முடியாத வீடுகளில், அவர்கள் கட்டிலையே ஜன்னலோரம், மரம் தெரிகிற பக்கமாகத் திருப்பிப் போடுங்கள், உங்கள் நாற்காலியையும்.

மூன்றாம் சுற்று பேச்சுக்கு.

கூட ஓர் ஆள்

எல்லாவற்றிலும் கடினமானது இதுதான். நடக்கச் செருப்பு போதும், மரம் ரோட்டிலேயே நிற்கிறது, ஆளை மட்டும் நாம்தான் கூப்பிட வேண்டும். நாற்பது வயதுக்கு மேல் நண்பர்களெல்லாம் கல்யாண வீட்டிலும் வாட்ஸ்அப் குரூப்பிலும் மட்டும் இருக்கிறார்கள். "எப்பவாவது பார்க்கணும்" என்று பத்து வருஷமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

அந்த "எப்பவாவது" இருக்கும்வரை யாரும் வரமாட்டார்கள். நாள், நேரம், இடம், எவ்வளவு நேரம் என்று நான்கையும் சொல்லிக் கூப்பிடுங்கள். "நாளைக்குச் சாயங்காலம் ஆறு மணிக்குத் தெப்பக்குளம் போறேன். முக்தீஸ்வரர் கோயில் பக்கம் நிப்பேன். நீயும் வாயேன், அரை மணி நேரம்தான்." நீங்கள் எப்படியும் போகத்தான் போகிறீர்கள் என்பது அதில் தெரிய வேண்டும், வராவிட்டால் அவருக்குக் குற்ற உணர்ச்சி இருக்காது, உங்களுக்கும் ஏமாற்றம் இருக்காது. முதல் தடவை வரமாட்டார். மூன்று தடவை கூப்பிடுங்கள். அதற்கு மேல் இன்னொருவரைக் கேட்கலாம்.

எதிரெதிரே உட்கார்ந்து பேசுவதைவிடப் பக்கத்தில் நடந்துகொண்டே பேசுவது எளிது. முகத்தைப் பார்க்க வேண்டாம். பேச்சு நின்றால் அசிங்கமாக இருக்காது, கால் ஓடிக்கொண்டிருக்கும். என் கணவரும் அவர் நண்பரும் இருபது வருஷமாக டீக்கடையில் பேசுகிறவர்கள். கிரிக்கெட், தேர்தல், பைக் மைலேஜ். நடைக்கு வரத் தொடங்கிய இரண்டாம் மாதத்தில் ஒரு நாள், மூன்றாம் சுற்றின் பாதியில், அந்த நண்பர் தண்ணீரைப் பார்த்துக்கொண்டே, "மாப்ள, மூணு மாசமா சம்பளம் வரல. வீட்ல சொல்லல" என்றாராம். இவர் ஒன்றும் சொல்லவில்லை. சுற்று முடிந்தது. வீட்டுக்குத் திரும்பாமல் "வா" என்று நாலாவது சுற்றுக்குத் திரும்பினார். அந்தச் சுற்றில்தான் அவர் எல்லாவற்றையும் சொன்னார். அன்று ராத்திரியே வீட்டிலும் சொல்லிவிட்டார்.

கேட்கிறவர் பக்கம் கொஞ்சம் பழக்கம் வேண்டும். "அதெல்லாம் ஒண்ணுமில்ல, விடு" என்றால் அவர் அடுத்த தடவை சொல்லமாட்டார். "எனக்கு நடந்ததைக் கேளு" என்று தொடங்கினால் அவர் கவலை உங்கள் கதைக்கு அடியில் போய்விடும். "அப்புறம் என்ன ஆச்சு?" போதும். நான் பெரும்பாலும் ஒன்று கேட்பேன்: "இதுக்கு நான் ஏதாச்சும் செய்யணுமா, இல்ல சும்மா கேட்டா போதுமா?" பத்தில் எட்டுப் பேர் சும்மா கேட்கத்தான் சொல்வார்கள். கேட்டதைக் கரையிலேயே விட்டுவிடுங்கள்; வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சொன்னால் அந்த நட்பு அன்றோடு சரி.

சொல்கிறவருக்கும் ஒன்று. தினமும் அதே மாமியாரை, அதே மேலதிகாரியை நாற்பது நிமிஷம் திட்டிக்கொண்டு வந்தால் இரண்டு பேருமாகச் சேர்ந்து அசைபோடுகிறீர்கள் என்று அர்த்தம். மூன்றாம் சுற்றின் பாதியில் எங்கள் அக்கா, "சரி, போதும். இப்ப ராத்திரிக்கு என்ன டிபன்?" என்பார். ஆரம்பத்தில் எனக்கு முகம் சுண்டும். இப்போது அவரிடம் நான் மிகவும் மதிப்பது அந்தக் கேள்வியைத்தான்.

புதிதாக ஊருக்கு வந்தவர்கள், கூப்பிட யாருமே இல்லாதவர்கள், ஒரே இடத்துக்கு ஒரே நேரத்தில் ஒரு மாதம் தொடர்ந்து போங்கள். முதல் வாரம் முகங்கள் பழகும், இரண்டாம் வாரம் தலையசைப்பார்கள், ஒரு நாள் போகாமல் இருந்துவிட்டால் மறுநாள் பருத்திப்பால் விற்கிற அண்ணனே "நேத்து ஆளைக் காணோமே" என்பார். வெளியூரிலோ வெளிநாட்டிலோ நண்பர் இருந்தால் இரண்டு பேரும் அவரவர் ஊரில் நடந்துகொண்டே போனில் பேசலாம். என் மகள் பெங்களூரிலிருந்து ஞாயிற்றுக்கிழமைகளில் அப்படித்தான் என்னோடு நடக்கிறாள். குரூப்பாக நடப்பதென்றால் நாலு பேருக்கு மேல் வேண்டாம். அதற்கு மேல் போனால் சத்தம் கூடும், பேச்சு குறையும்.

நடை போதாத நேரம்

இதை ஒளிக்காமல் சொல்ல வேண்டும். நான் சொல்வதெல்லாம் அன்றாடக் கவலைக்கு. இரண்டு வாரத்துக்கு மேலாகத் தூக்கமில்லை, சாப்பாடு இறங்கவில்லை, எதிலும் பிடிப்பில்லை, காரணமில்லாமல் நெஞ்சு படபடத்து உயிர் போய்விடும்போல இருக்கிறது, வேலைக்குப் போக முடியவில்லை என்றால் அது வைத்தியம் வேண்டிய நிலை. நடையை அதோடு சேர்த்துக்கொள்ளலாம், அதற்குப் பதிலாக வைக்கக்கூடாது. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு இருக்கிறது. அங்கே போவதற்கு வெட்கப்பட எதுவும் இல்லை, சர்க்கரைக்குப் போவதுபோலத்தான். செத்துப்போகலாம் என்ற எண்ணம் ஒரு தடவை எட்டிப் பார்த்தாலும் காத்திருக்காதீர்கள். 14416, அரசின் டெலி-மானஸ் மனநல உதவி எண். 2022-இலிருந்து இந்தியா முழுக்க இலவசமாக, இரவும் பகலும் இயங்குகிறது, தமிழில் பேசலாம். தமிழ்நாட்டில் 104-ஐயும் அழைக்கலாம். இலங்கையில் 1926 என்ற எண். நண்பர் அப்படிச் சொன்னால் அவரைத் தனியே வீட்டுக்கு அனுப்பாமல் நீங்களே கூட இருந்து போன் போடுங்கள்.

விட்டுப்போனால்

விட்டுப்போகும். ஐப்பசி மழை, வீட்டில் விசேஷம், காய்ச்சல். மூன்று நாள் விட்டதும் "இனி எங்கே" என்று தோன்றும். மறுபடி பத்து நிமிஷத்திலிருந்து தொடங்குங்கள், விட்ட கணக்கைப் பிடிக்கப் பார்க்காதீர்கள். மழை நாளில் நாங்கள் மாடிப்படிக்கடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்து மழையைப் பார்ப்போம். அதுவும் இரண்டாம் சுற்றில்தான் சேரும்.

மாதத்தில் ஒரு ஞாயிறு

அன்றாட நடை பழகி இரண்டு மாதம் ஆனதும், மாதத்துக்கு ஒரு தடவை கொஞ்சம் தள்ளிப் போய் வாருங்கள். நாங்கள் போவது கீழக்குயில்குடி, சமணர் மலை. நாகமலை புதுக்கோட்டைக்குப் பக்கம். அடிவாரத்தில் தாமரைக்குளம், கோயில், விழுதிறங்கிய ஆலமரங்கள். மேலே ஏறினால் பேச்சிப்பள்ளத்தில் சுனையும், பாறையில் வரிசையாகச் செதுக்கிய தீர்த்தங்கரர் (சமணப் பெரியவர்கள்) உருவங்களும், அவற்றின் கீழே வட்டெழுத்து என்ற பழைய தமிழ் எழுத்தும். ஆயிரம் வருஷத்துக்கு மேலாக அப்படியே உட்கார்ந்திருக்கிறார்கள். தவணைத் தேதியோடு அவர்கள் முன்னால் போய் நின்றிருக்கிறேன். அங்கே நிற்கும்போது தேதி கொஞ்சம் சின்னதாகத் தெரியும். பறவை பிடித்தவர்கள் அரிட்டாபட்டிக்குப் போகலாம், தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலம் என்று 2022-இல் அறிவித்த ஊர். அங்கே ஊர்க்காரர் யாரையாவது கூட்டிக்கொண்டு நடந்தால் பார்ப்பதற்கு நிறைய உண்டு.

ஆறு மணிக்குக் கிளம்புங்கள். ஆளுக்கு ஒரு லிட்டர் தண்ணீர், தொப்பி, வழுக்காத செருப்பு. மூட்டு வலிக்காரர்கள் ஏற வேண்டாம், ஆலமரத்தடியே போதும். எங்கள் அக்கா இப்போதெல்லாம் கீழேதான் உட்கார்ந்துகொள்கிறார், நாங்கள் இறங்கி வரும்வரை குளத்தைப் பார்த்துக்கொண்டு. ஸ்பீக்கரில் பாட்டுப் போடாதீர்கள். பாறையில் பெயர் எழுதாதீர்கள். இறங்கியதும் வாழை இலையில் கட்டிவந்த இட்லியைப் பிரியுங்கள், மிளகாய்ப்பொடியில் நல்லெண்ணெய் கொஞ்சம் தாராளமாக இருக்கட்டும். இலையை ஆடு தின்னும். பாலித்தீன் எதையும் விட்டுவிட்டு வராதீர்கள். எட்டரை மணிக்கெல்லாம் பாறை சுடத் தொடங்கிவிடும், அதற்குள் கிளம்பினால் பஸ்ஸில் உட்கார இடமும் கிடைக்கும்.